குழந்தை இல்லாத குடில்

முதல் கிறிஸ்துமஸ் குடிலில் மாதா இல்லை. சூசையப்பர் இல்லை. இடையர்கள் இல்லை, மூன்று அரசர்கள் இல்லை, நட்சத்திரம் இல்லை, பஞ்சில் செய்த பனியும் இல்லை. குழந்தை இயேசுவின் சுரூபம்கூட இருந்ததாக, அதைப் பற்றி முதலில் எழுதியவர் சொல்லவில்லை. இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, அதில் பரப்பிய வைக்கோல், பக்கத்தில் உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை. இடம், இத்தாலியில் ரியேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிரேச்சோ என்ற சிற்றூர். நாள், 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு.

ஏற்பாடு செய்தவர் அசிசி நகர் பிரான்சிஸ். திருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஜொவான்னி என்ற உள்ளூர்ப் பெரிய மனிதரை அழைத்து, தமக்கு என்ன வேண்டும் என்று விளக்கினார். பெத்லகேமில் பிறந்த அந்தப் பிள்ளை, ஒரு பச்சைக் குழந்தைக்கு வேண்டியது எதுவும் இல்லாமல் எப்படிச் சிரமப்பட்டது, மாடும் கழுதையும் பக்கத்தில் நிற்க வைக்கோல்மேல் எப்படிக் கிடந்தது என்பதை இந்த ஊனக்கண்ணாலேயே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. இதை எழுதி வைத்தவர் செலானோ ஊரைச் சேர்ந்த தாமஸ் என்ற துறவி. திருத்தந்தை 9ஆம் கிரகோரியின் கட்டளைப்படி அவர் பிரான்சிஸின் வரலாற்றை எழுதி முடித்தபோது கிரேச்சோ இரவு நடந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று தீப்பந்தம் பிடித்து நின்றவர்களில் பலர் உயிரோடு இருந்திருப்பார்கள். ஆகவே இதைப் பிற்காலத்துக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

பிரான்சிஸ் கேட்டது அழகை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பார்க்க விரும்பியது இல்லாமையை.

'முதல் குடில்' என்பதைக் கொஞ்சம் தளர்த்திச் சொல்வதே நேர்மை. ரோமில் புனித மரியா பெருங்கோவிலுக்கு 7ஆம் நூற்றாண்டிலேயே 'தொட்டி அருகே உள்ள மரியா' என்ற பெயர் உண்டு. பெத்லகேம் தொட்டியின் மரத்துண்டுகள் என்று நம்பப்படுபவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் காலையில் குருக்கள் சிலர் இடையர்களாக நின்று பாடும் சிறு நாடகங்களும் ஐரோப்பியக் கோவில்களில் பிரான்சிஸுக்கு முன்பே நடந்தன. அவை சில இடங்களில் கூத்தும் கேலியுமாகப் போகவே, திருத்தந்தை 3ஆம் இன்னசென்ட் 1207இல் கோவிலுக்குள் நடக்கும் நாடகக் கேளிக்கைகளைக் கண்டித்து எழுதினார். பிரான்சிஸ் முன்கூட்டியே திருத்தந்தையிடம் அனுமதி வாங்கியதாக, பின்னாளில் அவருடைய வரலாற்றை எழுதிய பொனவெந்தூர் சொன்னதற்கு இதுதான் பின்னணியாக இருக்க வேண்டும். புதுமை செய்கிறார் என்று யாரும் குற்றம் சொல்லக் கூடாதல்லவா?

அந்த ஆண்டு பிரான்சிஸுக்கு நாற்பது வயது கடந்து ஓரிரு ஆண்டுகள்தான். ஆனால் உடம்பு தளர்ந்துவிட்டது. கண்நோய் பார்வையை மெல்லத் தின்றுகொண்டிருந்தது. தாம் தொடங்கிய சபையின் நிர்வாகப் பொறுப்பை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சபைக்காக அவர் முதலில் எழுதிய நீண்ட ஒழுங்கு ரோமின் ஒப்புதலைப் பெறவில்லை. சுருக்கித் திருத்திய வடிவத்தையே திருத்தந்தை 3ஆம் ஹொனோரியுஸ் 1223 நவம்பர் 29 அன்று உறுதிசெய்தார். கிரேச்சோ இரவுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஏழ்மையைச் சட்டமாக எழுதுவதில் எவ்வளவு இழுபறி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர், அதை எழுதாமல் காட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. செலானோ அப்படிச் சொல்லவில்லை. இது என் ஊகம்.

இன்னொரு பின்னணியும் உண்டு. அது சிலுவைப்போர்க் காலம். கிறிஸ்து பிறந்த மண்ணை வாளால் மீட்பது புண்ணியம் என்று ஐரோப்பா முழுக்கப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. 1219இல் பிரான்சிஸ் எகிப்தின் தமியெத்தா முற்றுகை நடந்த இடத்துக்கே போனார். போர்முனையைக் கடந்து சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசிவிட்டு உயிரோடு திரும்பினார். பிணங்களையும் கொள்ளையையும் நேரில் கண்டவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து, எவனோ ஒரு குடியானவனின் மாட்டையும் கழுதையையும் கட்டி, கிரேச்சோவையே பெத்லகேம் ஆக்கிவிட்டார். செலானோவும் அந்த ஊரைப் புதிய பெத்லகேம் என்றுதான் குறிப்பிடுகிறார். அங்கே போக யாருக்கும் கப்பலும் வேண்டியிருக்கவில்லை, கத்தியும் வேண்டியிருக்கவில்லை.

இரவு வந்தது. சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும் கையால் செய்த மெழுகுவத்திகளும் பந்தங்களுமாக மலையேறினார்கள். துறவிகள் பாட, காடு எதிரொலித்தது. தொட்டியின் மேலேயே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாதவர். ஆகவே திருத்தொண்டருக்குரிய உடையணிந்து நற்செய்தியைப் பாடினார், பிறகு பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்று உச்சரிக்கும்போது அவர் குரல் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுபட்டதாம். இயேசு என்று சொல்லும்போது அந்தப் பெயரின் இனிப்பைச் சுவைப்பவர்போல உதட்டை நாவால் நக்கிக்கொண்டாராம். ஒரு மகானின் வரலாற்றில் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் பெரியவர்கள் அடித்துத் திருத்தியிருப்பார்கள். செலானோ விட்டுவைத்தது நம் அதிர்ஷ்டம்.

தொட்டியின் மேல் திருப்பலி என்ற விவரத்தில் நின்று பார்க்க வேண்டும். கிறிஸ்தவரல்லாத வாசகருக்கு இது வெறும் சடங்கு விவரமாகத் தெரியலாம். உண்மையில் கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்க நம்பிக்கைப்படி திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன. அப்படியானால் குழந்தை சுரூபம் எதற்கு? பிரான்சிஸ் தம் சகோதரர்களுக்குக் கூறிய அறிவுரைகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான். அரியணையை விட்டுக் கன்னியின் வயிற்றுக்கு இறங்கிய அதே தாழ்மையோடு அவர் தினமும் குருவின் கையில் அப்பமாக இறங்கி வருகிறார் என்பது அதன் சாரம். கால்நடைகள் தின்னும் தொட்டியில் வைக்கப்பட்டவர், மனிதர் உண்ணும் உணவாகிறார். கிரேச்சோவில் தொட்டி காலியாக இருந்தது என்று நாம் நினைக்கிறோம். அங்கே முழந்தாளிட்டவர்களுக்கு அது காலியாக இல்லை.

கடவுளைக் குழந்தையாக்கிக் கொஞ்சுவது தமிழுக்குப் புதிதல்ல. பெரியாழ்வார் காலத்திலிருந்தே அது நமக்குப் பழக்கம். ஆனால் அவருடைய கண்ணன் வெண்ணெய் திருடுவான், வாயைத் திறந்து உலகத்தையே காட்டுவான். பெத்லகேம் குழந்தை எதுவும் செய்வதில்லை. லூக்கா நற்செய்தியில் அது பிறக்கிறது, துணியில் சுற்றப்படுகிறது, தொட்டியில் கிடத்தப்படுகிறது. எல்லாமே அதற்கு மற்றவர்கள் செய்வது. விண்ணும் மண்ணும் படைத்தவர் ஒருத்தியின் பாலுக்கு அழுதார் என்பதுதான் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 25 அன்று சொல்லிக்கொள்ளும் செய்தி. கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினாரே, அதன் கண்கூடான வடிவம் தொட்டி. இறையியலர்கள் இதைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். பிரான்சிஸுக்கு இரண்டு வாரமும் ஒரு கட்டு வைக்கோலும் போதுமாயிருந்தன.

அன்றிரவு ஒருவர் ஒரு காட்சி கண்டதாகவும் செலானோ சொல்கிறார். அவர் ஜொவான்னியேதான் என்கிறார் பொனவெந்தூர். தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடந்தது. பிரான்சிஸ் அருகே போய் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். பலருடைய உள்ளத்தில் மறக்கப்பட்டுக் கிடந்த குழந்தை இயேசு இவரால் மீண்டும் எழுப்பப்பட்டார் என்பது இதற்குச் செலானோ கூறும் விளக்கம். பிற்காலத்து ஓவியர்கள் இந்தக் காட்சியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அசிசி மேல்கோவிலில் ஜோத்தோ வரைந்ததாகச் சொல்லப்படும் சுவரோவியத்தில் காடும் இல்லை, மலையும் இல்லை. நிகழ்ச்சி ஒரு கோவிலின் பீடப் பகுதிக்குள் நடக்கிறது. ஆண்கள் உள்ளே நிற்க, பெண்கள் வாசலில் நெருக்கியடித்து எட்டிப் பார்க்கிறார்கள். கையில் குழந்தையோடு பிரான்சிஸ். மேலே சாய்ந்து தொங்கும் பெரிய சிலுவையின் பின்பக்கம் மட்டும் நமக்குத் தெரிகிறது. மரச்சட்டங்கள், முட்டுக்கொடுத்த கட்டைகள் எல்லாம். ஓவியர் வேண்டுமென்றேதான் நம்மைப் பீடத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்.

மாடும் கழுதையும் எங்கிருந்து வந்தன? நான்கு நற்செய்திகளிலும் தேடினாலும் கிடைக்காது. மாடு தன் உடைமையாளனையும் கழுதை தன் தலைவனின் தொட்டியையும் அறியும், இஸ்ரயேலோ அறியவில்லை என்ற பொருளில் எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. பழங்காலத் திருச்சபை அதைப் பெத்லகேம் தொட்டியோடு சேர்த்துப் படித்தது. அதன் விளைவு வேடிக்கையானது. மிலானின் புனித அம்புரோஸ் கோவிலில் 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்றில் குழந்தையின் பக்கத்தில் இந்த இரண்டு விலங்குகள் மட்டுமே நிற்கின்றன. தாய் இல்லை, வளர்ப்புத் தந்தை இல்லை. மனிதர்களுக்கு முன்பே மிருகங்கள் குடிலுக்குள் இடம் பிடித்துவிட்டன. மூன்று அரசர்கள் மத்தேயு நற்செய்தியைச் சேர்ந்தவர்கள். அங்கே அவர்கள் அரசர்களும் அல்லர், மூவர் என்ற கணக்கும் இல்லை. லூக்காவின் இடையர்களும் மத்தேயுவின் ஞானிகளும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் குடில்தான்.

பிரான்சிஸின் குடிலில் மிருகங்கள் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகத் தீனி வைக்க வேண்டும் என்பார் அவர். பேரரசரைப் பார்க்க வாய்த்தால், அன்று பறவைகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவச் சொல்லிச் சட்டம் போடும்படி கேட்பேன் என்றும் சொன்னாராம். அப்போது பேரரசராக இருந்தவர் இரண்டாம் பிரடெரிக். அப்படிச் சட்டம் எதுவும் வரவில்லை. (நம்மூரில் பேரரசர் ஆணை இல்லாமலே, கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரத்தில் மாட்டுக்குப் பொங்கல் கிடைத்துவிடுகிறது. பிரான்சிஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.) கிரேச்சோவில் மிஞ்சிய வைக்கோலை ஊரார் பத்திரப்படுத்தி, சீக்கு வந்த கால்நடைகளுக்குக் கொடுத்துக் குணம் கண்டதாகவும் வரலாறு சொல்கிறது.

பிறகு நடந்தது, காலியாக இருந்த இடத்தை நிரப்பும் கதை. இதுவும் புதிதல்ல. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் பெத்லகேம் குகைக்கு மேல் கோவில் கட்டினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கேயே போய்த் தங்கி, 420இல் இறக்கும்வரை வாழ்ந்த புனித ஜெரோம் ஒரு பிரசங்கத்தில் புலம்புகிறார்: கிறிஸ்துவுக்கு மரியாதை செய்கிறோம் என்று மண் தொட்டியை எடுத்துவிட்டு வெள்ளித் தொட்டியை வைத்துவிட்டார்கள், எனக்கோ எடுத்துப்போட்டதுதான் விலை உயர்ந்தது என்று. அப்படிச் செய்தவர்களை அவர் கண்டிக்கவில்லை. பக்தியால் செய்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஏக்கம் போகவில்லை. குடிலின் வரலாறு முழுக்கவே இந்த மண்ணுக்கும் வெள்ளிக்கும் நடுவில்தான் நகர்கிறது.

பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தை 4ஆம் நிக்கோலாஸ் காலத்தில், சிற்பி அர்னோல்ஃபோ தி காம்பியோ ரோமில் புனித மரியா பெருங்கோவிலுக்காகப் பளிங்கில் குடில் உருவங்கள் செதுக்கினார். கிரேச்சோவுக்கு எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, வைக்கோல் பளிங்காகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் குடில் அரண்மனை விளையாட்டாகவே ஆனது. சுட்ட மண்ணில் தலை, கண்ணாடிக் கண்கள், கம்பியில் சணல் சுற்றிய உடம்பு, அதற்குப் பட்டு உடுப்பு. மன்னர் சார்லஸ் குடில் பைத்தியம். அரசி மரியா அமாலியா உருவங்களுக்குத் தம் கையாலேயே உடை தைத்தார் என்பார்கள். மீன் விற்பவள், கசாப்புக்கடைக்காரர், மதுக்கடை, பிச்சைக்காரர், இடிந்த ரோமானியக் கோவில் என்று நேப்பிள்ஸ் நகரமே உள்ளே வந்துவிட்டது. இத்தனை கூட்டத்தில் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தை நடுவில், யாரும் கவனிக்காமல் பிறந்தார் என்பதும் பெத்லகேம் கதைதானே. அந்த ஊரின் சான் கிரிகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் உருவங்கள் செய்கிறார்கள். இடையர்களுக்குப் பக்கத்தில் மரடோனாவும் விற்பனைக்கு நிற்கிறார்.

வீட்டுக்குள் குடிலைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் எதிரிகளுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரியாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் பகுத்தறிவின் பெயரால் கோவில் குடில்களுக்குத் தடை போட்டார். மக்கள் அவற்றை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கோவில்கள் மூடப்பட்டு நள்ளிரவுப் பூசை நின்றபோது, மார்சேய் நகரத்து ஜான் லூயி லஞ்ஞேல் அச்சில் வார்த்த சின்னச் சின்ன மண் பொம்மைகள் செய்தார்; ஏழைகளும் வாங்கக்கூடிய விலை. தடை இல்லாவிட்டால் குடில் இன்னும் பேராலயங்களுக்குள்ளேயே பளிங்காய் உறைந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கத்தோலிக்க வீட்டு வழக்கம். சுரூபம் வைப்பதில் தயக்கம் உள்ள சீர்திருத்தச் சபையினர் வாசலில் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்; பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தின் கீழ்தான் இரு தரப்பும் பலகாரம் பரிமாறிக்கொள்வது. வைக்கோல் வேய்ந்த கொட்டகை, காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசிய மலை, முன்கூட்டியே விதைத்து முளைக்கவிட்ட பசும்பயிர், எட்டாத உயரத்தில் கம்பியில் தொங்கும் சம்மனசு. சூசையப்பருக்குத் தமிழில் தனி மரியாதை உண்டு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பெருங்காப்பியம் எழுதியபோது, குடிலின் ஓரத்தில் பேசாமல் நிற்கும் அந்தத் தச்சரைத்தான் வளன் என்று பெயரிட்டுத் தேம்பாவணியின் தலைவர் ஆக்கினார். பல பங்குகளில் நள்ளிரவுத் திருப்பலி வரை தொட்டி காலியாகவே இருக்கும். குருவானவர் குழந்தை சுரூபத்தை ஏந்தி வந்து அப்போதுதான் கிடத்துவார். அதற்காகத் தூக்கக் கலக்கத்தில் விழித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிரேச்சோ பற்றித் தெரியாது. அந்தக் காத்திருப்புத்தான் திருவருகைக் காலத்தின் முழுப் பாடம் என்று யாரும் சொல்லவும் வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் கிரேச்சோவுக்கு 800 ஆண்டுகள் நிறைந்தன. வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் வைத்த குடில் அந்த ஆண்டு கிரேச்சோவையே காட்டியது. பிரான்சிஸ்கன் கோவில்களின் குடில்களுக்கு முன் செபிப்போருக்குத் திருச்சபை பரிபூரண பலன் அறிவித்தது. பெத்லகேமிலோ காசா போரின் துயரத்தால் வழக்கமான கொண்டாட்டங்கள் ரத்தாகின. அங்குள்ள லூத்தரன் கிறிஸ்துமஸ் கோவிலில் போதகர் முந்தர் ஐசக்கும் சபையாரும் தொட்டி வைக்கவில்லை, கொட்டகை போடவில்லை. உடைந்த கான்கிரீட் துண்டுகளையும் கற்களையும் பீடத்தருகே குவித்து, பாலஸ்தீனக் கட்டம் போட்ட துணியில் சுற்றிய குழந்தையை நடுவே கிடத்தினார்கள். படம் உலகம் முழுக்கப் போயிற்று. அரசியல் என்று சிலர் முகம் சுளித்தார்கள். குடிலை இப்படிப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டார்கள். ஒரு பச்சைக் குழந்தைக்கு என்னவெல்லாம் இல்லாமல் போயிற்று என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் பிரான்சிஸ் ஜொவான்னியிடம் கேட்டிருந்தார். ஒரு லூத்தரன் சபை, பளிங்குக்கும் பட்டுக்கும் மின்விளக்குக்கும் பிறகு, அந்தக் கோரிக்கையை ஏறக்குறைய அவர் கேட்டபடியே நிறைவேற்றியிருந்தது.